பல் அடைப்பு: தேயுமா? தீங்கு செய்யுமா?

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு)

“பல் போனால் சொல் போச்சு” என்பது நம் முன்னோர் வாக்கு. சொல் மட்டுமா போகும்? சோறும் போகும், சிரிப்பும் போகும், இரவுத் தூக்கமும் போகும். இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை; என் கீழ்க்கடைவாய்ப் பல் எனக்குக் கற்றுத் தந்தது.

சென்ற ஆண்டு ஜூலை மாதம் நம் பள்ளியில் பல் பரிசோதனை முகாம் நடைபெற்றது. என் பல்லில் கடுகளவு கரும்புள்ளி ஒன்று இருப்பதாகவும், விரைவில் அடைத்துவிடுவது நல்லது என்றும் சீட்டில் எழுதித் தந்தார்கள். சீட்டை வீட்டில் காட்டினேன். அப்போதுதான் மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டிக் குறுவை நடவு முடிந்திருந்தது. கையில் இருந்த பணமெல்லாம் வயலுக்குள் போயிருந்த நேரம். “குறுவை அறுப்பு ஆகட்டும் தங்கம், பார்த்துக்கலாம்” என்றார் அப்பா. வலி ஏதும் இல்லாததால் நானும் தலையாட்டினேன்.

நெல் வளர்ந்தது, என் பல்லின் குழியும் கூடவே வளர்ந்தது. அக்டோபரில் அறுவடை முடிந்து, அப்பாயி துணையுடன் பல் மருத்துவரிடம் போனபோது கடுகு துவரம்பருப்பு ஆகியிருந்தது. “இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சொத்தை உயிர்ப்பகுதியைத் தொட்டிருக்கும், வேர் சிகிச்சைதான் செய்ய வேண்டி வந்திருக்கும்” என்றார் மருத்துவர். பிறகு சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல்லின் நிறத்திலேயே இருந்த ஒரு பசையைக் குழியில் வைத்து, நீல ஒளி வீசும் சிறு கருவியை அதன்மேல் பிடித்தார். சில நொடிகளில் பசை கல்லாயிற்று!

அருகில் நின்று கவனித்துக்கொண்டிருந்த அப்பாயி சும்மா இருக்கவில்லை. “டாக்டரம்மா, வெள்ளையா நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு நாள்ல தேஞ்சு போயிடாதா? தேஞ்சது வயித்துக்குள்ளதானே போவும்? புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?” என்று கேட்டார். மருத்துவர் சிரித்தார். “பாட்டி, உலகத்துல பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்க கேக்குற ரெண்டு கேள்வியையும் நீங்க ஒரே மூச்சில கேட்டுட்டீங்க” என்றார்.

உண்மைதான். முதல் கேள்வி தேய்மானத்தைத் தாங்கும் ஆற்றலைப் பற்றியது. இரண்டாவது, உடலோடு ஒத்துப்போகும் தன்மையைப் பற்றியது. அன்று மருத்துவர் சொன்னவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணும் உமியும் போல

எங்கள் கொல்லையில் மண் அடுப்புப் போடும்போது அப்பாயி களிமண்ணோடு உமியைச் சேர்த்துப் பிசைவார். தனிக் களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தனி உமியோ காற்றில் பறந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் வெடிக்காத, உறுதியான அடுப்பு கிடைக்கிறது. இப்படி இரு வேறு பொருள்கள் தத்தம் குறையை ஒன்றுக்கொன்று நீக்கிக்கொள்ளும்படி சேர்ப்பதையே கலப்புப் பொருள், அதாவது ‘காம்போசிட்’ என்கிறார்கள்.

என் பல்லில் வைத்த காம்போசிட் ரெசினும் அத்தகையதே. அதில் களிமண்ணின் இடத்தில் இருப்பது பிசின். உமியின் இடத்தில் இருப்பது மிக நுண்ணிய கண்ணாடித் தூளும் சிலிக்காவும். இன்றைய கலவைகள் பலவற்றில் எடையில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை இத்தூள்தான். கண்ணாடியும் பிசினும் தாமாக ஒட்டிக்கொள்ளா. ஆகவே தூளின்மேல் ‘சிலேன்’ என்னும் பொருளைப் பூசுகிறார்கள். அது ஒரு கையால் கண்ணாடியையும் மறுகையால் பிசினையும் பற்றிக்கொள்ளும்.

இதன் வரலாறு சுவையானது. 1955-இல் அமெரிக்காவின் மைக்கேல் புவனகோர் என்னும் பல் மருத்துவ அறிஞர், உலோகத்தின்மேல் வண்ணப்பூச்சு நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதை அறிந்து, அதே அமிலத்தைப் பல்லின் எனாமலில் தடவிப் பார்த்தார். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் தோன்றின. பிசின் அவற்றுக்குள் புகுந்து இறுகப் பிடித்துக்கொண்டது. அடுத்து, வாஷிங்டனில் இருந்த தேசியத் தரநிர்ணயக் கழகத்தில் பணியாற்றிய ரஃபேல் போவன், ‘பிஸ்-ஜிஎம்ஏ’ என்னும் புதிய பிசினை உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்றார். இன்றும் பல கலவைகளுக்கு அதுவே அடிப்படை.

முதல் கேள்வி: தேயுமா?

தேயும். தேயாத பொருள் வாயில் ஏது? நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள். அந்த எனாமலும் தேயத்தான் செய்கிறது. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் எனாமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மைக்ரோமீட்டர் தேய்கிறது. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர் தேய ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும்.

எனவே அடைப்புப் பொருள் தேயவே கூடாது என்பதன்று. எனாமலைப் போலவே தேய வேண்டும் என்பதே குறிக்கோள். எனாமலைவிட விரைவாகத் தேய்ந்தால் அடைப்பு பள்ளமாகிவிடும். எனாமலைவிட மிகக் கடினமாக இருந்தாலோ எதிரில் உள்ள நல்ல பல்லை அது தேய்த்துவிடும்.

தொடக்க காலக் கலவைகள் இந்தத் தேர்வில் தோற்றன. அவற்றில் ஆண்டுக்கு 100 மைக்ரோமீட்டருக்கு மேல் தேய்ந்தவையும் உண்டு. ஏன்? நம் ஊர்த் தார்ச் சாலையை மழைக்காலம் முடிந்ததும் பாருங்கள். முதலில் ஜல்லிகளுக்கு இடையே உள்ள தார் அரிக்கப்படும். பிறகு ஜல்லி தலைநீட்டும். லாரிச் சக்கரம் ஏறியதும் ஜல்லி பெயர்ந்து குழி விழும். அக்காலக் கலவைகளிலும் இதுவே நிகழ்ந்தது. அவற்றின் தூள்கள் 10 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை பெரியவை. சோறும் பல் துலக்கியும் முதலில் இடையில் இருந்த பிசினைத் தேய்த்தன. பின்னர்த் துகள்கள் பெயர்ந்து விழுந்தன. மேற்பரப்பு சொரசொரப்பாகிக் காப்பிக் கறையும் ஏறியது.

பெரிய ஜல்லிக்குப் பதில் பொடி ஜல்லியை நெருக்கமாகப் பரப்பினால்? அறிஞர்கள் அதைத்தான் செய்தார்கள். 1970-களின் இறுதியில் 0.04 மைக்ரோமீட்டர் அளவேயான சிலிக்காத் துகள்கள் வந்தன. அவை வழவழப்பாக இருந்தன. ஆனால் அவற்றை மிகுதியாகச் சேர்க்க முடியாததால் வலிமை குறைவாக இருந்தது. பிறகு பெரியதும் சிறியதுமாகக் கலந்து, பெரிய துகள்களின் இடுக்கில் சிறியவற்றை நிரப்பினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நானோ அளவுத் துகள்கள் கொண்ட கலவைகளும் கடைக்கு வந்தன. துகள் சிறிதானால் பிசின் வெளியே தெரியும் இடமும் சிறிதாகும். பல் துலக்கியோ உணவோ அதைத் தனியே அரிக்க முடியாது. இதன் பயனாக, இன்றைய நல்ல கலவைகளின் தேய்மானம் எனாமலின் தேய்மானத்தை நெருங்கி வந்துவிட்டது.

இன்று கடைவாய்ப் பல்லில் வைக்கும் அடைப்புகளில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று முதல் மூன்று வரையே பழுதாகின்றன என்று நெடுங்கால ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. அவற்றிலும் தேய்ந்து கெடுபவை குறைவு. ஓரத்தில் மீண்டும் சொத்தை விழுவதாலும் உடைவதாலும் கெடுபவையே மிகுதி. ஆனால் ஒன்று: தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு எந்த அடைப்பும் விரைவில் தேயும் அல்லது உடையும்.

உமிக்கரியும் உமிச் சிலிக்காவும்

இங்கே நம் தஞ்சைச் சீமைக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. நெற்பயிர் மண்ணில் உள்ள சிலிக்காவை வேரால் உறிஞ்சித் தன் தாளிலும் உமியிலும் சேர்த்து வைக்கிறது. நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி வரும். அந்த உமியை முற்றாக எரித்தால் ஏறத்தாழ 4 கிலோ சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலில் மிகப் பெரும்பங்கு சிலிக்காதான்.

நம் பாட்டிமார் உமியைக் கரியாக்கி, உப்பும் கிராம்பும் சேர்த்து இடித்துப் பல் துலக்கினார்கள். அந்த உமிக்கரி பல்லைப் பளிச்சென்று ஆக்குவது எதனால்? அதில் உள்ள சிலிக்கா உப்புத்தாள் போல உரசுவதனால்தான். கறை போகும்; கூடவே எனாமலும் சிறிது சிறிதாகப் போகும். எனாமல் மறுபடி வளராது. அப்பாயியின் பற்களில் ஈற்றை ஒட்டி அரிவாளால் கொத்தியதுபோல் பள்ளங்கள் இருப்பதை அன்று மருத்துவர் எனக்குக் காட்டினார். அறுபது ஆண்டு உமிக்கரியும் ஆட்காட்டி விரலின் அழுத்தமும் செய்த வேலை அது. உமிக்கரி நல்ல பல்லையே தேய்க்கும்போது, பிசின் கலந்த அடைப்பை விட்டுவைக்குமா?

அதே உமியின் சிலிக்கா மறுபுறம் பல்லைக் காக்கவும் செய்கிறது! மலேசிய சயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெல் உமியிலிருந்து தூய சிலிக்காவைப் பிரித்து, மிக நுண்ணிய உருண்டைத் துகள்களாக்கி, பல் அடைக்கும் காம்போசிட் செய்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டுள்ளார்கள். ஒழுங்கற்ற கூர்முனைகளோடு திரியும்போது உரசித் தேய்க்கும் அதே பொருள், நுண்ணியதாகி, உருண்டையாகி, பிசினோடு கைகோத்து நின்றால் தேய்மானத்தைத் தடுக்கிறது. களத்துமேட்டில் நாம் மலைபோல் குவிக்கும் உமிக்குள் இப்படி ஒரு பயனா என்று வியப்பாக இல்லையா?

இரண்டாம் கேள்வி: தீங்கு செய்யுமா?

அப்பாயி அஞ்சியது தேய்ந்த தூளை. தேய்ந்து விழும் துகள் மிகச் சிறிது. கண்ணாடித் துகள்கள் கரைவதும் மிகக் குறைவு. அறிஞர்கள் கூர்ந்து கவனிப்பது, உறையாமல் மிஞ்சும் பிசினைத்தான்.

பசையாக இருக்கும்போது பிசின் சிறு சிறு மூலக்கூறுகளாக இருக்கிறது. நீல ஒளி பட்டதும் அதில் கலந்துள்ள ‘கேம்பர்குயினோன்’ என்னும் பொருள் தூண்டப்பட்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. ஆனால் எல்லாக் கண்ணிகளும் கோத்துக்கொள்வதில்லை. பாதிக்கு மேல், முக்கால் பங்கு வரையில்தான் கோக்கின்றன. கோக்காமல் மிஞ்சியவற்றுள் பெரும்பாலானவை ஒரு முனையிலாவது வலையோடு கட்டுண்டு கிடக்கும். முற்றிலும் தனித்து நிற்கும் சிறு பங்கே உமிழ்நீரில் கலக்கும். அதுவும் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில்.

இதனால்தான் மருத்துவர் பசையை ஒரேயடியாக அப்பாமல், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் படலமாக வைத்து, ஒவ்வொரு படலத்துக்கும் ஒளி காட்டினார். ஒளி ஆழத்துக்குப் போகாவிட்டால் அடியில் உள்ள பிசின் உறையாது. மேலும், காற்றிலுள்ள ஆக்சிஜன் படும் மேற்பரப்பு சற்றுப் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். அதை அவர் தேய்த்து மெருகிட்டு, “நல்லாக் கொப்புளிச்சுத் துப்பும்மா” என்றார். வாய் கசப்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மிஞ்சிய பிசினை வெளியேற்றத்தான் அது என்று பிறகு விளங்கிற்று.

‘பிஸ்பீனால்-ஏ’ என்னும் பொருளைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் அது, உடலின் ஹார்மோன்களைப்போல் நடிக்கக் கூடியது. ‘பிஸ்-ஜிஎம்ஏ’ பிசினின் பிறப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. 1996-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், பல் பூச்சு வைத்தவர்களின் உமிழ்நீரில் அதைக் கண்டதாக வெளியிட்டபோது உலகெங்கும் கவலை எழுந்தது. அதன்பின் நடந்த ஆய்வுகள், வெளிப்படும் அளவு மிகச் சிறிது என்றும், விரைவில் குறைந்துவிடுகிறது என்றும், துடைத்துக் கொப்புளித்தால் மேலும் குறைகிறது என்றும் காட்டின. அப்பொருளைத் தவிர்த்த பிசின்களும் இப்போது உண்டு.

அடுத்தது பல்லின் உயிர்ப்பகுதியான பற்கூழ். அடைப்புக்குப் பின் பல் கூசினாலோ வலித்தாலோ அடைப்புப் பொருளின் நஞ்சே காரணம் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1965-இல் அமெரிக்காவில் ககேஹாஷியும் அவர் குழுவினரும் ஓர் அரிய சோதனை செய்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். அவற்றின் பல் தானே ஆறத் தொடங்கியது. சாதாரண எலிகளிலோ பற்கூழ் அழுகிற்று. உண்மையான பகைவன் கிருமியே என்பது தெளிவாயிற்று. பிசின் உறையும்போது கன அளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். ஓரத்தில் இடுக்கு விழுந்தால் அதன் வழியே கிருமி நுழையும். ஆகவே உடலோடு ஒத்துப்போவது என்பது பொருளின் குணத்தை மட்டும் பொறுத்ததன்று. வைக்கும் கையின் பொறுமையையும் பொறுத்தது. குழி ஆழமாக இருந்தால் அடியில் காப்பு மருந்து வைத்து அதன்மேல் அடைக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

சிலருக்கு இப்பிசின்கள் ஒவ்வாமை தரும். நோயாளிகளைவிட, உறையாத பசையை நாள்தோறும் கையாளும் பல் மருத்துவர்களின் விரல்களிலேயே அது மிகுதியாகக் காணப்படுகிறது.

நம் நாட்டிலும் இத்துறையில் உழைப்பவர்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் அறிவியலாளர்கள், ஒளியால் உறையும் பல் காம்போசிட்டுகளைத் தாமே உருவாக்கி, அவற்றின் வலிமையையும், உயிரணுக்கள் அவற்றின் அருகில் நலமாக இருக்கின்றனவா என்பதையும் சோதித்துள்ளார்கள்.

அப்படியானால் பழைய வெள்ளி அடைப்பே மேலா? அது நெடுநாள் உழைத்தது உண்மை. ஆனால் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். பாதரச மாசைக் குறைக்க 2013-இல் நாடுகள் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்றன. 2018-இல் இந்தியாவும் உறுப்பு நாடாயிற்று. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும், மருத்துவர் இன்றியமையாதது என்று கருதினாலன்றி, வெள்ளி அடைப்பைத் தவிர்க்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என 2022-இல் அந்நாடுகள் முடிவு செய்தன. ஆகவே வெள்ளை அடைப்பின் பொறுப்பு இனி இன்னும் கூடுகிறது.

நாம் செய்ய வேண்டுவன

மென்மையான துலக்கியால், அழுத்தாமல், காலையும் இரவும் ஃபுளோரைடு உள்ள பற்பசை கொண்டு துலக்குவோம். உமிக்கரி, செங்கல்தூள், சாம்பல் வேண்டாம். பொங்கல் கரும்பைப் பல்லால் உரிக்கும் ஆசை எனக்கும் உண்டு. அடைத்த பல்லால் வேண்டாம், கத்தியால் சீவித் தின்போம். சோற்றில் கல் கடிபட்டால் ஒரே கடியில் அடைப்பு உடையலாம். அரிசியைப் பார்த்துக் களைவோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது அடைப்பின் ஓரத்தை மருத்துவரிடம் காட்டுவோம்.

எல்லாவற்றிலும் மேலானது, காலம் தாழ்த்தாமை. கடுகளவு குழிக்குக் கடுகளவு அடைப்பு. அது தேய்வதும் சிறிது, பிசின் கசிவதும் சிறிது, செலவும் சிறிது. துவரம்பருப்பு அளவானால் எல்லாமே பெரிது. பணம் தடையென்றால், அரசு மருத்துவமனைகள் பலவற்றில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டுள்ளது. இது அன்று எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. பயிர் வாடினால் கடன் வாங்கியாவது தண்ணீர் பாய்ச்சும் அப்பா, இப்போது சொல்கிறார்: “பல்லும் ஒரு பயிர்தாம்மா. அதுவும் அறுப்பு வரைக்கும் காத்திருக்காது.”

என் அடைப்பு நலமாக இருக்கிறது. அப்பாயி தம் உமிக்கரி டப்பாவை வீசிவிடவில்லை. அறுபது ஆண்டுப் பழக்கம் அன்றோ! அது குளியலறையிலிருந்து கொல்லைக்குப் போயிற்று. பித்தளைக் குடமும் செம்பும் இப்போது தங்கம்போல் மின்னுகின்றன. அப்பாயியோ மென்துலக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, “இது என்னடி, பூனை நக்குற மாதிரி இருக்கு!” என்று நாள்தோறும் சலித்துக்கொண்டே துலக்குகிறார்.

தோழியரே, அடுத்த முகாமில் உங்கள் கையில் ஒரு சீட்டுக் கிடைத்தால், அதைப் புத்தகத்துக்குள் மடித்து வைக்காதீர்கள். அன்று மாலையே வீட்டில் காட்டுங்கள். குறுவைக்காகக் காத்திராதீர்கள்!